அண்ணன் வாங்கிவரச் சொன்ன விளையாட்டுப் பெட்டி

1

இந்தத் தை பிறந்தால் அந்தப் பெட்டி பெரியநாயக்கன்பாளையத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. கறுப்பு நிறம், நாலு பக்கமும் சதுரம். டிவிக்குக் கீழே வைத்து ஒயரைச் சொருகிவிட்டால், சோபாவில் சாய்ந்துகொண்டு கம்ப்யூட்டர் விளையாட்டுகளை ஆடலாம். அவ்வளவுதான் அதன் வேலை. விலையைக் கேட்டால், என் அண்ணனின் பட்டறையில் லேத் ஓட்டுகிறவருக்கு மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேலே வரும்.

நான் அதை வாங்கிப் போனது உறவுக்காரர்களுக்குள் எப்படியோ பரவிவிட்டது. இப்போது ஊரிலிருந்து என்னிடம் கேட்கிறார்கள். போன வாரம் கிணத்துக்கடவிலிருந்து என் பள்ளித் தோழி படத்தோடு செய்தி அனுப்பியிருந்தாள். "பசங்க உசுரை எடுக்கறாங்க. குடுக்கற காசுக்கு வொர்த்தாடி?" வேலை முடிந்து ரயிலில் வரும்போது பதில் எழுதத் தொடங்கினேன். எழுதி எழுதி அழித்தேன். இறங்கவேண்டிய நிலையமும் தாண்டிவிட்டது.

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில், வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருள் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வா என்று என் வீட்டுக்காரர் சொல்லாத நாளில்லை. முடிவதில்லை.

ஆகவே அந்தப் பெட்டியைப் பற்றியும் எனக்கு இன்னும் சந்தேகம்தான். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2

அண்ணன் தங்கவேல் அதைக் கேட்டது போன வருஷம் ஐப்பசியில். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் பேசுவது வழக்கம். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சின் போக்கு தெரியும். மழை உண்டா, உண்டு. உடம்பு? சௌக்கியம். பட்டறை? ஓடுது. பம்பு மோட்டாருக்கு ஷாப்டு கடையும் சிறிய பட்டறை அவருடையது, வீட்டுக்குப் பின்னாலேயே. ஆர்டர் இருக்கிற மாதமும் ஓடுது, இல்லாத மாதமும் ஓடுதுதான்.

அன்றைக்கு அவராகவே ஆரம்பித்தார்.

"அம்மணி, அங்க டிவிக்கு அடியில வெக்கற கேம் பொட்டி ஒண்ணு வந்திருக்குதாமா. கம்ப்யூட்டர் மாதிரியேதானாம், ஆனா கம்ப்யூட்டர் கெடையாதாம். உனக்குத் தெரியுமா?"

"ஏனுங்ணா, ஆருக்கு அது?"

"ஊட்டுக்குத்தான் கண்ணு."

"ஊட்டுல ஆரு விளையாடறது? நீங்களா, அண்ணியா?"

"கேட்டதுக்குப் பதிலைச் சொல்லு. குடுக்கற காசுக்கு வொர்த்தா, இல்லியா?"

என் அண்ணன் ஸ்கூட்டர் டயரை நூல் தெரியும்வரை ஓட்டுகிறவர். புது டிவி வாங்குவதற்கே அண்ணி சரோஜா இரண்டு தீபாவளி காத்திருந்தார். அப்படிப்பட்டவர் விளையாட்டுப் பெட்டி கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? கோகுலுக்கா என்றேன். அவர்களின் ஒரே பிள்ளை. எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, போத்தனூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அவனும் ஆடுவான்," என்றார் அண்ணன்.

"அவனைக் கூப்பிடுங்க, நானே கேக்கறேன். முகத்தைப் பாத்தே எத்தனையோ மாசம் ஆச்சு."

"வெளிய போயிருக்கான். வந்தா சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம். போன ஞாயிறும் அவன் வெளியே போயிருந்தான். அதற்கு முந்தின ஞாயிறு தூங்கிக்கொண்டிருந்தான். காதல் கீதல் என்று ஏதாவது இருக்குமோ, வேலையை விட்டுவிட்டானோ, குடிக்கிறானோ. போனை வைத்த பிறகு இட்லி மாவைக் கரைத்தபடியே ஒவ்வொன்றாக நினைத்தேன். என்ன நடந்திருக்கிறதோ, அது மட்டும் என் கணக்கில் வரவில்லை.

3

பெட்டியைப் பற்றி விசாரிக்க எனக்கு வேறு ஆளில்லை. பதினாறு வயது மகள் மித்ராவின் அறைக் கதவைத் தட்டினேன். தட்டாமல் திறந்தால் இங்கே அது குற்றம். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமல், என்ன என்பதுபோலப் பார்த்தாள். அந்த அறைக்குள்ளிருந்து அடிக்கடி சிரிப்புச் சத்தம் வரும். யாருடன் சிரிக்கிறாள் என்று கேட்டால் 'ஃபிரண்ட்ஸ்' என்பாள். எங்களோடு சாப்பிடும்போது அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

பெட்டியின் பெயரைச் சொன்னதும் காதில் இருந்ததைக் கழற்றினாள். எனக்கு அதுவே வினோதமாகப் பட்டது.

"யார் கேட்டா? மாமாவா?"

"மாமாதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கெஸ் பண்ணேன்."

நான் கேட்டவற்றுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். அதுவும் வினோதம்தான். உள்ளே இருப்பது முழுக் கம்ப்யூட்டர். இதே விலைக்கு இதைவிட வேகமான கம்ப்யூட்டர் தனியாகக் கிடைக்கும். விளையாட்டுகளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கவேண்டும். "அப்புறம் எதுக்கு இதை வாங்கணும்?" என்றேன்.

"கம்ப்யூட்டர் வாங்கினா டேபிள் வேணும். டேபிள் ரூம்ல இருக்கும். ரூமுக்குக் கதவு இருக்கும். இது ஹால்ல இருக்கும்மா. அவ்ளோதான் வித்தியாசம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இன்னொண்ணு. மத்த கேம் பெட்டியில அவங்க குடுத்த ரிமோட்டத்தான் பிடிக்கணும். இதுல எதை வேணும்னாலும் சொருகலாம். எந்த பட்டனுக்கு என்ன வேலைன்னு நாமே மாத்திக்கலாம்."

"எதுக்கு மாத்தணும்?"

"சும்மா," என்று சொல்லி மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள். நான் கதவை மூடும்போது, "நாளைக்கு எனக்கு நெறைய சோலி இருக்குதும்மா" என்றாள்.

சோலி. அந்தச் சொல்லை நான் இந்த வீட்டில் சொன்ன நினைவே இல்லை. என் வீட்டுக்காரரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கே பிடித்தாள்?

அண்ணன் வாய்விட்டு ஒன்று கேட்பதே அபூர்வம் என்று ஆர்டர் போட்டுவிட்டேன். பெட்டி வந்த கதையையும் சொல்லவேண்டும். நாங்கள் வீடு மாறிய புதிது. தபால்காரர் வந்தபோது யாரும் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் கொடுத்ததாகச் சீட்டு ஒட்டியிருந்தார். எந்தப் பக்கத்து வீடு என்பது அந்தக் கையெழுத்தில் தெரியவில்லை. நாலு கதவு தட்டிப் பார்த்துவிட்டு பார்சல் நிலையத்துக்குப் போனால், என் அடையாள அட்டையில் பழைய முகவரி இருக்கிறது, புது முகவரியைப் பதிந்த தாள் வேண்டும் என்றார்கள். அதைப் பதிய நகராட்சியில் எனக்குக் கொடுத்திருந்த நாள் இன்னும் வரவில்லை. வரிசையில் நின்றிருந்தவர்கள் பெருமூச்சு விட, கவுண்டரில் இருந்த அம்மாள் பெட்டியைத் திருப்பிப் பார்த்து உள்ளே என்ன என்று கேட்டார். பதற்றத்தில் ஆங்கிலமும் ஜெர்மனும் குழம்பிப்போய், "கிஃப்ட், அண்ணன் குடும்பத்துக்கு" என்று சொல்லிவிட்டேன். ஜெர்மன் மொழியில் கிஃப்ட் என்றால் விஷம். பதினான்கு வருஷம் இங்கே இருந்தும் அந்தச் சொல் என்னைக் கவிழ்த்துவிட்டது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற ஒரு பெரியவர்தான் சிரித்துவிட்டு, நான் என்ன சொல்ல வந்தேன் என்பதை விளக்கினார். அதற்கப்புறம்தான் பெட்டி என் கைக்கு வந்தது.

பொங்கலுக்கு மித்ராவையும் கூட்டிப்போக நினைத்தேன். பள்ளியில் விடுப்பு கேட்டு எழுதினால், குடும்பப் பண்டிகை தகுந்த காரணம் ஆகாது என்று பதில் வந்தது. அவளும் அப்பாவும் இங்கே இருக்க, பெட்டியும் நானும் மட்டும் கிளம்பினோம்.

4

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியை வெளியே எடுத்து வைத்தார். மரியாதையான இளைஞர்.

"இது என்னங்க மேடம்?"

"கம்ப்யூட்டருங்க."

"கீபோர்டு எங்கீங்க? ஸ்கிரீன்?"

"டிவியில மாட்டறதுங்க."

"அப்ப கேமுங்களா?"

"கேமும் ஆடலாமுங்க."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மேடம். நான் ஒண்ணைத்தான் எழுத முடியும்."

எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்வது? கடைசியில் அவரே ஒன்றை எழுதிக்கொண்டார். தீர்வையைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன். ஏற்கெனவே அநியாய விலை. இப்போது அதற்கு மேலும்.

அண்ணன் மட்டும் வேனோடு வந்திருந்தார். முன்பெல்லாம் கோகுல்தான் வருவான், என் பையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வான். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறினோம். துடியலூர் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினார். டீக்கடைக்குத்தான் என்று நினைத்தேன். அவர் இறங்கவில்லை.

"அம்மணி, ஊட்டுக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிப்போடறேன். நீ அழுகாம கேக்கோணும்."

கையை நீட்டி ரோட்டைக் காட்டினார்.

"போன பங்குனியில கோகுலு இங்கதான் வண்டியில இருந்து உழுந்துட்டான். முன்னால போன லாரி பிரேக் போட்டுது, இவன் ஒடிச்சான், சறுக்கிப்போச்சு. ஹெல்மெட் இருந்துது, தலைக்கு ஒண்ணுமில்ல. தோளு தரையில அடிச்சதுல கைக்குப் போற நரம்பு பூரா பிஞ்சுபோச்சு கண்ணு. வலது கையி. காலுல இருந்து நரம்பு எடுத்து வெச்சுத் தெச்சிருக்காங்க. வந்தாலும் வரும், கொஞ்சம்தான் வரும்னாங்க. இப்போதைக்குத் தொங்கிட்டு இருக்குது."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பங்குனியிலிருந்து தை வரைக்கும் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். அத்தனையிலும் சௌக்கியம்.

"போத்தனூர் கம்பெனி?"

"அது சும்மா சொன்னது."

"ஏனுங்ணா, நான் ஆரு உங்களுக்கு?"

"சொன்னா நீ என்ன பண்ணுவே? அழுதுபோட்டு டிக்கெட் எடுப்பே. அங்க புள்ளைக்குப் பரீட்சை, உனக்கு வேலை. இங்க வந்து நீ கையைத் தூக்கி விட்டுருவியா?" என்றார். "அவன் ரூமை உட்டு வரமாட்டேங்கறான் அம்மணி. சோறு உள்ள போகுது, தட்டு வெளிய வருது. கம்ப்யூட்டரை வெச்சுட்டு ராவும் பகலும் உள்ளயே. அதான் ஹாலுல வெக்கற பொட்டின்னதும் கேட்டேன். எங்க கண்ணு முன்னால உக்காந்து ஆடுனாப் போதும். என்ன ஆடுனாலும் செரி."

பின் சீட்டில் என் பைக்கு மேலே பெட்டி இருந்தது. இந்த மனிதர் இதைப் போய் எவ்வளவு பெரிதாக நம்பியிருக்கிறார் என்று பார்க்கவே பயமாக இருந்தது.

5

கோகுல் கதவைத் திறந்து, "வாங்க அத்தை" என்றான். தாடி வைத்திருந்தான். வலது கை கழுத்திலிருந்து தொங்கிய பட்டையில் கிடந்தது. நான் கட்டிக்கொண்டபோது அசையாமல் நின்றான். அதற்குள் அண்ணன் பெட்டியைத் தூக்கிவந்து அவன் முன்னால் நீட்டினார். அதை ஒரு பார்வை பார்த்தான்.

"இது என்னத்துக்குங்க அத்தை? பாவம்னு வாங்கியாந்தீங்களா?"

"உங்கப்பா கேட்டார்டா."

"ரெண்டு கையில புடிக்கற சாமானைப் போயி வாங்கியாந்திருக்கீங்க," என்றவன் உள்ளே போய்விட்டான். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். எனக்குக் காபி வைத்துவிட்டு அண்ணனிடம்தான் சொன்னார். "கையி வர்றதுக்கு வழி கேட்டா பொம்மை வாங்கித் தர்றீங்க. தெரபிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சுபோனேன். இனி ஹாலுலயே உக்காந்துக்குவான். இருவத்திரண்டு வயசு. ஆயுசுக்கும் ஆடட்டும்."

"தெரபிக்குக் கூப்பிட்டா வர்றானா? நீதான் கூட்டிட்டுப் போயேன்," என்றார் அண்ணன்.

அண்ணி சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. எந்த வீட்டிலாவது விளையாட்டுப் பெட்டி ஒருவனை எழுப்பி வேலைக்கு அனுப்பியிருக்கிறதா? அண்ணன் ஒயர்களைச் சொருகி, ஒரு ஸ்டெபிலைசரையும் வாங்கி மாட்டினார். பெட்டியின் சிறு விளக்கு எரிந்தது. பொங்கல் வைத்தோம், மாட்டுப் பொங்கலும் போனது. பெட்டியின்மேல் அண்ணி கரண்ட் பில்லை வைக்க ஆரம்பித்திருந்தார்.

மாடியில் நின்று மித்ராவைப் போனில் அழைத்தேன்.

"கோகுலுக்கு அடிபட்டது உனக்குத் தெரியுமா?"

அவள் காதில் இருந்ததைக் கழற்றும் சத்தம் கேட்டது. அதிலேயே பதில் கிடைத்துவிட்டது.

"தெரியும்மா. ஆஸ்பத்திரியில இருந்தே மெசேஜ் பண்ணான். லெஃப்ட் ஹேண்ட்ல டைப் பண்ணதால ஃபுல்லா மிஸ்டேக். நாங்க டெய்லி பேசுவோம்."

அப்படியானால் அந்தச் சிரிப்பெல்லாம் இவனோடுதான். அந்தச் சோலியும் இவனிடமிருந்துதான். பெட்டியின் யோசனையே அவளுடையதாம். மாமாவிடம் சொன்னதும் அவள்தானாம்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல? பெத்தவகிட்ட மறைக்கற அளவுக்கு..."

"அவன் சொல்லாதேன்னான்."

"அவன் சொன்னா?"

"நீ கேள்வி கேப்பேம்மா. எவ்ளோ ஸ்பீடுல போனான், குடிச்சிருந்தானா, எந்த டாக்டர், ஏன் அந்த டாக்டர். எதைச் சொன்னாலும் நீ செக் பண்ணுவே. அதனாலதான் யாரும் உன்கிட்ட சொல்றதில்ல. ஜெர்மனி தூரமா இருக்கறதால இல்ல."

ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. பதினாறு வயதுப் பெண்ணிடம் அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்க நேரும் என்று நினைத்ததில்லை. எதிர்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன். என் மனதில் முதலில் வந்து நின்றது என்ன தெரியுமா? எவ்வளவு வேகத்தில் போனான் என்பதுதான். வாயை மூடிக்கொண்டேன்.

"சரி," என்றேன் கடைசியில். "இப்ப என்ன செய்யட்டும்?"

"நாளைக்கு ஸ்கூல் முடிஞ்சு வந்து கால் பண்றேன். ஃபோனை சோஃபாவுல வை. நீ பேசாதே."

6

மறுநாள் சாயங்காலம் கைப்பேசியைச் சோபாவில் சாய்த்து வைத்தேன். மித்ரா அங்கிருந்து கத்தினாள். "டேய் கோகுல்! வெளிய வாடா. கார் ரேஸ். நானும் ஒரு கையாலதான் ஓட்டுவேன், பாத்துக்கோ." வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்து காட்டினாள்.

அத்தை பெண் மாமன் மகனை டேய் என்று கூப்பிடுவதைக் கேட்டு அண்ணி முகத்தைச் சுளித்தார். ஆனால் கதவு திறந்தது. கோகுல் வந்து உட்கார்ந்தான்.

ஆட்டம் நன்றாகப் போயிற்று என்று எழுத ஆசைதான். போகவில்லை. இடது கட்டைவிரல் வண்டியைத் திருப்பவேண்டும். வேகம் கூட்ட வலது ஆள்காட்டி விரல் வேண்டும். மித்ரா சொல்லச் சொல்ல எல்லா வேலையையும் இடது கைக்கே மாற்றினான். ஒரே கை திருப்பவும் வேண்டும், வேகமும் வேண்டும், பிரேக்கும் வேண்டும். டிவியில் கார் சுவரில் போய் முட்டியது. மறுபடியும் முட்டியது. அண்ணன் பின்னால் நின்று, "மெதுவா, மெதுவா கண்ணு" என்றார். கோகுல் ரிமோட்டைச் சுவரில் எறிந்தான்.

"போதுமுங்களாப்பா? ஹாலுக்கு வந்துட்டேன். பாத்துட்டீங்களா?"

அண்ணன் பட்டறைப் பக்கம் போய்விட்டார். கைப்பேசித் திரையில் மித்ரா தொடைக்கு அடியிலிருந்து கையை எடுக்காமலே அழுதுகொண்டிருந்தாள். பெட்டிக்கு நான் மனதில் எழுதிய தீர்ப்பு அன்றைக்கு முடிவாகிவிட்டது. நல்ல வேளை, ரசீது என்னிடம் இருந்தது. திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்றுகூடப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அண்ணியும் நானும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். கோகுல் அறையிலிருந்து வந்து, எங்களைக் கடந்து, பின்வாசல் வழியே பட்டறைக்குள் போனான். அண்ணி கீரையை அப்படியே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடிபட்ட பிறகு அவன் அங்கே காலடி வைத்ததில்லையாம்.

லேத் சத்தம் நின்றது. அவன் குரல் கேட்டது.

"அப்பா, பழைய பிரஸ் மிசினோட ஃபுட் சுவிட்ச் எங்க போட்டீங்க?"

"எதுக்குச் சாமி?"

"இருக்குதா, இல்லீங்களா?"

பரணிலிருந்து இறக்கினார்கள். காலால் மிதித்தால் மிசின் ஓடும், எடுத்தால் நிற்கும். அவ்வளவுதான் அந்தச் சாமான். கோகுல் தன் பழைய கீபோர்டைப் பிரித்து, உள்ளே இருந்த சிறு பலகையை வெளியே எடுத்தான். சுவிட்சின் இரண்டு ஒயர்களை அதில் பற்றவைத்துவிட்டால், காலால் மிதிப்பதைப் பெட்டி ஒரு பட்டனை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும் என்றான். பற்றவைக்க இரண்டு கை வேண்டும். அண்ணன் ஒயரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டாதீங்கப்பா."

"ஆட்டலீடா."

"ஆட்டறீங்க. மூச்சை இழுத்துப் புடிங்க."

நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். உள்ளே போகவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு எளிதாக இல்லை. எந்தக் கம்பி, எத்தனை வோல்ட், ஷாக் அடிக்காதா என்று நாக்கு நுனிவரை வந்தது.

சாயங்காலம் சுவிட்ச் சோபாவுக்கு முன்னால் இருந்தது. கோகுல் மிதித்தான். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. முதல் வளைவில் திரும்பியது, இரண்டாவதிலும் திரும்பியது. மூன்றாவதில் முட்டியது. "பெடல் லேட்டா எடுத்துட்டேன்," என்றான். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

7

இப்போது என்ன நிலைமை என்று கேட்பீர்கள். கோகுலின் முழங்கை மடங்குகிறது. விரல்கள் இன்னும் வரவில்லை. டாக்டர் காத்திருக்கச் சொல்கிறார். தெரபிக்குப் போகிறான், ஆனால் அண்ணியோடுதான் போவான், அப்பாவோடு போனால் சண்டை வருகிறது. பட்டறையில் டிரில்லிங் மிசினுக்கு, சாமானைக் காலால் இறுக்கிப் பிடிக்கும்படி ஒன்றைச் செய்து மாட்டியிருக்கிறான். அரை நாள் அங்கே வேலை செய்கிறான். வெளியே வேலை கேட்டுப் போன இரண்டு இடத்திலும் கையைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்கிறோம் என்றார்கள்.

பெட்டியை அவன் இப்போது அவ்வளவாகத் தொடுவதில்லை. சித்திரை வெயிலில் அது சூடாகி, உள்ளே இருக்கும் விசிறி ஊதிய ஊதலில் டிவி வசனம் கேட்கவில்லை என்று அண்ணிக்குக் கோபம். தண்டம் என்பது அவர் முடிவு, அதில் மாற்றமில்லை. அண்ணனோ ஆயிரம் பேரிடம் அதைப் புகழ்கிறார். என்னைக் கேட்டால்? விளையாட்டுக்கென்று வாங்குவதானால் அந்த விலைக்கு அது தகாது, கம்ப்யூட்டராகவும் தகாது. கதவைத் திறந்தது பெட்டியா, டேய் என்று கத்திய பெண்ணா, எறிந்த ரிமோட்டா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தொழிற்சாலையில் இப்படி ஒரு பொருள் வந்தால் கையெழுத்துப் போடமாட்டேன், நிராகரிக்கவும் மாட்டேன், ஓரமாக எடுத்து வைப்பேன். தோழிக்கு அப்படியே எழுதினேன். உனக்கு நேராகவே பதில் சொல்ல வராதா என்று திட்டினாள்.

இந்தக் கார்த்திகையில் ஒரு நாள், சோதனை மேசையில் வால்வு ஒன்றை அளந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. வேலை நேரத்தில் எடுக்கக்கூடாது. கோகுல் பெயரைப் பார்த்ததும் வெளியே வந்தேன்.

"அத்தை, அப்பாவுக்கு நெஞ்சுவலிங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். அடைப்பு இருக்குதாம், இப்ப உள்ள கொண்டு போறாங்க. அம்மா உங்ககிட்ட இப்பச் சொல்ல வேண்டாம், முடிஞ்சு சொல்லிக்கலாம்னாங்க. நான்தான் கூப்புட்டேன். நீங்க வாரீங்களா?"

எந்த டாக்டர், எப்போதிலிருந்து வலி, இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள். எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"வாரேன் கண்ணு," என்று மட்டும் சொன்னேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணனை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கட்டில் ஓரத்தில் கோகுல் உட்கார்ந்து இடது கையால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். வலது முழங்கையால் அதைத் தொடையோடு அழுத்திப் பிடித்திருந்தான். என்னைப் பார்த்ததும் அண்ணன் மகனை முறைத்தார்.

"இவகிட்ட ஆருடா சொன்னது? எதுக்கு அம்மணி இப்ப இத்தனை தூரம்? லீவெல்லாம் வீணாப்போச்சு பாரு."

"பையன் கூப்புட்டானுங்ணா, வந்தேன்," என்றேன்.

கோகுல் ஒரு சுளையைப் பிய்த்து எனக்கு நீட்டினான்.